நடைவழிக் கேமராவும் ஏழாம் அறைக் கட்டிலும்

ஏழாம் அறைக் கட்டில் தினமும் பிற்பகல் இரண்டு பத்துக்குக் கிளம்பும், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டரைக்கு. அதற்குச் சக்கரம் கிடையாது, நான்கு இரும்புக் கால்கள்தான். அதில் படுத்திருந்தவர் முப்பத்தோரு ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பெற்ற மகளின் பெயர் மறந்து இரண்டு வருடமாகியிருந்தது, வண்டி நேரம் மறக்கவில்லை. கட்டில் அறையை விட்டு வெளியே வந்து, கீழ்த்தள நடைவழியில் ஒவ்வொரு கதவருகிலும் நின்று, ஏற விரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு, கோடியிலிருக்கும் பெரிய ஜன்னல்வரை போகும். பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பும். அந்த முதியோர் இல்லத்தில் இது எத்தனை மாதமாக நடந்தது என்பதற்குக் குறிப்பு இல்லை. அந்த நேரத்தில் ஊழியர்கள் எல்லோரும் சமையலறைக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எழுத்தில் வந்தது கேமரா வாங்கிய பிறகுதான்.

கேமராப் பேச்சு ஒரு காயத்தில் தொடங்கியது. ஓட்டுநரின் மகள் அப்பாவுக்கு நகம் வெட்டும்போது இடது முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்ததைப் பார்த்தாள். அவள் நீதிமன்றத்தில் தட்டச்சர். இருபது வருடமாக அடுத்தவர் சாட்சியத்தை அடித்துக் கொடுப்பவள், ஆதாரமில்லாத பேச்சு அம்பலம் ஏறாது என்று அறிந்தவள். மற்ற குடும்பங்களை விசாரித்ததில் இன்னும் நான்கு பேருக்குக் காயம் இருந்தது, எல்லாமே இடப்பக்கம். ஐந்து பேரையும் பகலில் கவனித்துக்கொண்டவள் ஒரே பணிப்பெண். கேட்டதற்கு அவள் வாயைத் திறக்கவில்லை. வாய் திறக்காதவள்மேல் பழி சீக்கிரம் ஒட்டும். கேமரா பொருத்தி உண்மை தெரியும்வரை பாதிச் சம்பளத்தில் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவள் போன பிறகு காயம் குறையவில்லை, கூடியது. மேலாளர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். கணக்கர் மட்டும் அதை மனத்தில் குறித்துக்கொண்டார்.

கணக்கர் பதினோரு வருடமாக அங்கே இருப்பவர். ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாளைக் கசக்கிப் பிழிந்தாலும் காசு பெயராது என்று சமையல்காரர் சொல்வதுண்டு. கேமராவுக்கு வழி பண்ணும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மூன்று கடைகளில் விலை கேட்டார். மிகக் குறைவாகச் சொன்ன கடைக்காரர், பதிவைச் சேமிக்க மாதாமாதம் தனிக் கட்டணம் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார். குடும்பங்கள் அறைக்கு ஒரு கேமரா கேட்டன. உடம்பு துடைத்துவிடுவதும் துணி மாற்றுவதும் அறைக்குள்தானே, அந்தப் படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது என்று கணக்கர் கேட்டார். கடைசியில் நடைவழிக்கு மட்டும் நான்கு என்று முடிவானது. அதற்கே லிஃப்ட் பழுதை அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டியிருந்தது. அப்படியும் துண்டு விழுந்தது. வாரம் இரண்டு முறை வந்துகொண்டிருந்த இயன்முறை மருத்துவரை ஒரு முறையாக்கினார். அந்த ஒரு வரியை எழுதுவதும் அடிப்பதுமாக அவருக்கு ஒரு பகல் முழுவதும் போனது. இத்தனைக்கும் பிறகு, பார்க்கிற ஆளுக்குச் சம்பளம் போடவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. திரையைக் கொண்டுவந்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கட்டிலைப் பார்த்தார். முதலில் கம்பி ஏதோ மாறிவிட்டது என்று நினைத்து, பொருத்திய தொழிலாளியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மறுநாள் வந்து, இரண்டு பத்துக்குக் கேமராவுக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"கேமராவுல கோளாறு இல்ல மேடம். கட்டில்தான் ஓடுது. அது எங்க வாரண்டில வராது."

துணி அறைக்குப் பக்கத்தில் நடைவழி வலப்பக்கம் திரும்புகிறது. அங்கே கட்டில் அகலமாக வளைந்தது, இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கையும் முட்டியும் சுவரில் உரசின. யாரும் முகம் சுளிக்கவில்லை. பேசிக்கொண்டே போனார்கள். வருடக்கணக்கில் படுக்கையை விட்டு எழாத பதினொன்றாம் அறை அம்மாள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை கணக்கர் பணிப்பெண்ணின் வீட்டுக்குப் போனார். அவள் மறுக்கவில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் போகாமல், அந்தத் திருப்பத்தில் இரண்டு தலையணையைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சில நாள் ஆள் கூடுதலாக ஏறினால் கை எட்டாதாம். முதலிலேயே சொல்லியிருந்தால் இந்தப் பழி வந்திருக்குமா என்று கேட்டார் கணக்கர்.

"சொன்னா கட்டிலக் கட்டிப் போட்டுடுவாங்கக்கா. அப்புறம் அவரையும் கட்டிப் போட்ட மாதிரிதானே. எனக்கு வேற வேலை கெடைக்கும்."

அவள் சொன்னது சரியாகவே இருந்தது. பணிப்பெண்மேல் விழுந்த பழி நீங்கக் கணக்கர் படத்தைக் காட்டியதும் மேலாளர் தச்சரை வரவழைத்து, கட்டில் கால்களைத் தரையோடு முடுக்க என்ன ஆகும் என்று கேட்டார். அறையில் எதையும் மாற்றக் குடும்பத்தின் கையெழுத்து வேண்டும். அதனால் மகளை அழைத்தார்கள்.

அவள் கணக்கர் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொன்னாள். நான்கு முறை ஓட்டினார்கள். ஒவ்வொரு கதவை விட்டுக் கிளம்பும் முன்பும் அவள் அப்பா தலையைச் சாய்த்துப் பின்னால் பார்த்தார். கடைசி ஆள் சரியாக உட்கார்ந்ததும்தான் கையை அசைத்தார். காயம் எப்படி வந்தது என்று கணக்கர் திருப்பத்தைக் காட்டினார். அவள் தலையசைத்தாள், கண் அங்கே போகவில்லை.

"விடியறதுக்கு முன்னாடி போயிடுவாரு, வந்தா தூங்கிடுவாரு. எங்களுக்கு அவரு தூங்குற ஆளுதான்மா. வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்ல."

அவள் கையெழுத்துப் போடவில்லை. கொடுத்த புகாரை அங்கேயே உட்கார்ந்து, பிழையில்லாத நான்கு வரியில் திரும்பப் பெற்றாள். பணிப்பெண்ணின் வீட்டு முகவரியையும் வாங்கிக்கொண்டு போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மேலாளர் அப்படியும் விடாமல், அடுத்தவர் பாதுகாப்பு என்று இழுத்தார். முடுக்குவதற்கு ஒதுக்கீடு இல்லை என்று கணக்கர் சொல்லிவிட்டார். வேலைக்குத் திரும்பிய பணிப்பெண்ணுக்குப் பிடித்துவைத்த பாதிச் சம்பளத்தைக் கொடுத்தது போகவும், மருத்துவர் வருகையைக் குறைத்ததில் கேமராக் கணக்கில் கொஞ்சம் மிஞ்சியது. அதில் தடித்த ரப்பர் விரிப்பு வாங்கித் திருப்பத்துச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒட்டச் செய்தார். தணிக்கைக்கு வந்தவர் இது எதற்கு என்று கேட்டார். வண்டி திரும்புகிற இடம் என்றார் கணக்கர். தணிக்கையாளர் சரிபார்த்துக் கையொப்பமிட்டார்.

ஒரு புதன்கிழமை மகள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கணக்கரின் அறைக் கதவருகே கைப்பையோடு நின்றாள். கட்டில் வந்து நின்றது. மேலே ஆறு பேர் இருந்தார்கள். பதினொன்றாம் அறை அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஓட்டுநர் மகளைப் பார்த்தார். யாரென்று தெரிந்துகொண்ட அடையாளம் எதுவும் அந்த முகத்தில் இல்லை, ஆனால் அவள் ஏறும்வரை அவர் அவசரப்படவில்லை.

"எங்கம்மா எறங்கணும்?"

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க போற வரைக்கும்" என்றாள்.

"அப்ப நல்லா உள்ள தள்ளி உக்காருங்க. கம்பியப் பிடிச்சுக்குங்க."

அவள் பிடித்துக்கொண்டாள். கட்டில் கிளம்பிய காற்றில் மேசைமேல் இருந்த தாள்கள் படபடத்தன. கணக்கர் அவற்றின்மேல் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்துவிட்டு, அந்த மாத மின்கட்டணத்தை எழுதத் தொடங்கினார்.