ஐந்து ஆணிகள்

அக்காவோடு நான் பேசாமல் இருந்தது பதினோரு நாளா, பதின்மூன்று நாளா என்பது இப்போது உறுதியாகத் தெரியவில்லை. கடைசி நாள் மழை பெய்ததாக எனக்கு நினைவு. பெய்யவே இல்லை என்கிறாள் அக்கா. சந்தேகத்தில் கிடந்தவர்களின் நினைவை அதிகம் நம்பக்கூடாது. அது தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் விடிகாலை ஐந்து மணி வகுப்பைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம்.

வெளிநாட்டில், தகரக் கூரை போட்ட ஒரு கூடம். தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகுமுன் ஆங்கிலம் படிக்க வரும் அறுபது பேர். சீருடையில் எண்ணெய் வாடை, கண்ணில் பாதித் தூக்கம். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், அறுபது குரலும் திருப்பிச் சொல்லும். மறுபடி நான். காலரில் மைக் குத்தியிருந்தாலும் அந்த அறுபது குரலுக்கு மேலே ஏறித்தான் பேச வேண்டும். சற்றுத் தணிந்தால் போதும், மாடியிலிருந்து முதலாளியின் சீட்டு வரும்: 'இன்னும் சத்தமாக.' தன் அறையில் உட்கார்ந்தபடியே அவர் எல்லா வகுப்பையும் கேட்பார்.

இப்படி நாளுக்கு ஆறு வகுப்பு. ஆசிரியர்கள் ஐந்து பேர், எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறைச் சுவரில் அடித்த ஐந்து ஆணிகளில் மைக்கை மாட்டிவிட வேண்டும். அணைக்கக் கூடாது. அணைத்தால் திரும்ப இணைய நேரமாகும், அது மாணவர்களின் நேரம் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். ஆணியில் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டே தொங்கும்.

ஏழாவது மாதம் என் எச்சிலில் ரத்தம் வந்தது. "மூணு மாசத்துக்கு வாயே திறக்காதீங்கம்மா. இல்லன்னா இந்தக் குரல் திரும்பாது" என்றார் டாக்டர். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். ஒப்பந்தமோ இரண்டு வருடம். பாஸ்போர்ட், வந்திறங்கிய அன்றே 'பதிவுக்கு' என்று வாங்கப்பட்டு, முதலாளியின் இரும்பு அலமாரிக்குள் போயிருந்தது.

நான் சொன்னது அக்காவிடம் மட்டும். கூடப் பிறந்தவள் அல்ல. எங்கள் ஐவரில் ஒருத்தி, ஒரே அறையில் பக்கத்துக் கட்டில். ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது சொன்னேன்.

"வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன்க்கா. வியாழக்கிழமை தூதரகத்துல போய் நிக்கப் போறேன்."

"போ. ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாத."

மறுநாள் முதலாளி மாடிக்குக் கூப்பிட்டார்.

"வாம்மா, உக்காரு. வியாழக்கிழமை தூதரகத்துல ஏதோ ஜோலியாமே? அங்க கூட்டம் ஜாஸ்தி. எதுக்கு வெயில்ல நிக்கணும்? அன்னிக்கு உனக்கு எட்டு வகுப்பு போட்டிருக்கேன்."

"டாக்டர் பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு சார்."

"டாக்டரா வந்து வகுப்பு எடுக்கறாரு? கையெழுத்துப் போட்டது யாரு? நம்ம ஊர்ப் பிள்ளைங்கன்னுதான் உங்களக் கூட்டிட்டு வந்தேன். என் மூக்க அறுத்துட்டுப் போயிடாதீங்க."

படியிறங்கும்போது எனக்குள் ஒரே ஒரு முகம்தான் இருந்தது.

வியாழக்கிழமை தூதரகத்துக்குப் போகவில்லை, எட்டு வகுப்பும் எடுத்தேன். டாக்டர் சொன்ன மௌனத்தை அக்காவிடம் மட்டும் முழுதாகக் கடைப்பிடித்தேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கை தூரம். உப்புப் போட்ட வெந்நீரை அவள் என் தலைமாட்டில் வைத்தாள். நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று தொட்டியில் கொட்டினேன். ஒரு நாள் முதலாளி அறையிலிருந்து முகம் சிவந்து வந்தாள். கூலி வாங்கிய வெட்கம் என்று நினைத்தேன். அதன்பின் வெந்நீர் வரவில்லை. தன் பெட்டியைப் பூட்ட ஆரம்பித்தாள். மறைக்க ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

மற்ற மூவரும் மாறிப்போயிருந்தார்கள். போன வருடம் கல்யாணமானதால் நாங்கள் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுகிறவன், மனைவி கர்ப்பம் என்பதை, எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடும் 'பாடகரிடம்' மட்டும் சொன்னான். மறுநாளே முதலாளி, "லீவு கீவுன்னு வந்துடாத தம்பி" என்றார். அதிலிருந்து பாடகரோடு அவனுக்குப் பேச்சில்லை. குரல் உயர்த்தியே அறியாத, நாங்கள் 'கிராமர்' என்று கூப்பிடும் பெரியவர், தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஐந்து பேரும் நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் முற்பகல், இரண்டாம் வகுப்பு முடிந்த இடைவேளையில், வருகைப் பதிவேட்டை வைக்க மாடிக்குப் போனேன். முதலாளி வெளியே பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தார். மேசையில் தண்ணீர் ஜாடி, பக்கத்தில் அவர் வகுப்புகளைக் கேட்கும் கறுப்புப் பெட்டி. அந்த நேரத்தில் எங்கேயும் வகுப்பு கிடையாது. ஆனால் பெட்டி இருமியது. பாடகரின் இருமல். பிறகு அவருடைய முணுமுணுப்புப் பாட்டு. பிறகு, பேச்சை நிறுத்தியிருந்த மாப்பிள்ளையே பொறுக்க முடியாமல்: "யோவ், நாலு நாளா அதே பல்லவியா? சரணமே கிடையாதா?"

மணியடித்தால் வகுப்பு முடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஆசிரியர்கள் மட்டும்தான். அவர் வகுப்பைத்தான் கேட்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். ஆணிக்குக் காது இருக்குமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கீழே வந்தேன். பேசவில்லை. ஆசிரியர் அறைப் பலகையில் எழுதினேன்: 'மைக் மேலே கேட்கிறது. எல்லாம்.'

ஐந்து பேரும் ஆணிகளைப் பார்த்தோம். கிராமர் அணைக்கக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சாக்பீஸை வாங்கி எழுதினாள்: 'உன்னைப் போ என்று நான் சொன்னதையும் அவர் என்னிடம் சொல்லிக் காட்டினார். காட்டிக்கொடுத்தது நீ என்று நினைத்தேன்.'

கீழே நான் எழுதினேன்: 'நானும்.'

அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா, எனக்குச் சரியாக நினைவில்லை. பாடகர் மாப்பிள்ளையின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன்பின் சாக்பீஸ் கை மாறிக்கொண்டே இருந்தது. ஆசிரியர் அறையில் யாரும் சந்தேகப்படாத சத்தம் அது ஒன்றுதான். பலகை இரண்டு முறை நிரம்பி இரண்டு முறை அழிந்தது.

பிறகு ஐந்து பேரும் ஆணியிலிருந்து மைக்கை எடுத்துக் காலரில் குத்திக்கொண்டோம். அக்கா வகுப்புக் குரலில் ஆரம்பித்தாள்.

"சார், கேக்குதா? நாங்க அஞ்சு பேரும் பேசறோம். தங்கச்சி இன்னியோட வேலைய விடறா. அவ பாஸ்போர்ட்டக் கீழ கொண்டு வாங்க, எங்களோடதையும் சேத்து. அதுவரைக்கும் வகுப்பு கிடையாது."

"வகுப்பு கிடையாது" என்றார் பாடகர். மாப்பிள்ளை சொன்னான். கிராமர் சொன்னார். என் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. அதுவும் மேலே போயிருக்கும்.

முதலாளி இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார்.

"என்ன கூத்து இது? ஒவ்வொருத்தரா மேல வாங்க, பேசிக்கலாம்."

"ஒவ்வொருத்தரா வந்து பாத்துட்டோம் சார்" என்றாள் அக்கா.

"ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்!"

கிராமர் எழுந்து நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டார். "இருக்கு சார். வரிவரியாப் படிச்சிருக்கேன். இந்த மைக்கு எந்தப் பக்கத்துல இருக்கு?"

முதலாளி வெற்று ஆணிகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மேலே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

அன்று பாஸ்போர்ட் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஐந்து பேரும் ஒன்றாகப் போய்த் தூதரகத்தில் மனுக் கொடுத்தோம், விசாரணை நடக்கிறது. வகுப்பை நிறுத்திய எட்டாம் நாள், நான் இனி வகுப்பெடுக்க வேண்டியதில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். மற்ற நால்வரும் மைக் இல்லாமல் வேலைக்குத் திரும்பினார்கள். அந்த அறுபது பேர் முன்வரிசையை நெருக்கிப் போட்டுக்கொண்டு, மெதுவாகவே திருப்பிச் சொல்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பெண் பிறந்திருக்கிறாள், போனில்தான் பார்க்கிறான். பாடகர் சரணத்துக்கு வந்துவிட்டார். கிராமர் மனுவின் அடுத்த பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். அக்கா பெட்டியைப் பூட்டுவதில்லை. என் குரல் பாதி திரும்பியிருக்கிறது.

போன வாரம் முதலாளி ஊரிலிருந்து புதிதாக இரண்டு பேரை அழைத்து வந்தார். வந்திறங்கியதும் அக்கா அவர்களை ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய் ஆணிகளைக் காட்டினாள். இருவரும் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை.