கையெழுத்துப் போட்டவளின் மகள்

விடிவதற்கு முன்பே மருத்துவமனை லாரி வந்து விரிப்புகளைக் கொட்டிவிட்டுப் போய்விடும். ரத்தமும் சீழும் மருந்தும் கலந்த வீச்சம் சலவை ஆலைக்குள் நுழைகிறவர்களின் குடலைப் பிடுங்கும். கொதிகலன் உறுமத் தொடங்கிய கால் மணி நேரத்தில் சுவர்கள் வியர்த்துவிடும். பெரிய உருளை இயந்திரத்தின் ஒரு முனையில் நின்று நெட்டச்சி ஈர விரிப்பை உதறி நீட்டுவாள். கொதிக்கும் இரண்டு உருளைகள் அதை விழுங்கி, மறுமுனையில் தட்டையாகத் துப்பும். துப்பியதைப் பிடித்து நாலாக, எட்டாக மடித்து அடுக்குகிறவள் மடிப்புக்காரி. பதினோரு வருடம் சூட்டுத் துணியை மடித்ததில் அவள் விரல்களில் ரேகையே அழிந்துவிட்டது. வாசலில் கைரேகை வைக்கும் இயந்திரம் தினமும் அவளைத் தெரியாது என்று சொல்லும்.

"அது முதலாளி மாதிரிடி. நம்ம யாருன்னு அதுக்கு ஞாபகமே இருக்காது" என்பாள் நெட்டச்சி.

முதலாளிக்கு ஆலைக்குள் வைத்த பெயர் அத்தர். அவர் வருவதற்கு முன் அவருடைய வாசனை வந்துவிடும். ஆலை, கார், கோபம் எல்லாம் அப்பாவிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்தவை. வெட்கம் மட்டும் அப்பாவிடமே இல்லாததால் வரவில்லை. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை தேங்குகிறது என்று போன மாதம் ஆள் வைத்து அதைக் கழற்றினார். "நெருப்புன்னு தெரிஞ்சும் எவளாவது கையை வைப்பாளா?" என்று கேட்டார். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஈர விரிப்பின் ஓரம் நெட்டச்சியின் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. உருளை விரிப்போடு கையையும் இழுத்தது. மடிப்புக்காரி ஓடிவந்து சுவிட்சை அணைப்பதற்குள் முழங்கை வரை போய்விட்டிருந்தது. மறுமுனையில் வந்து விழுந்த விரிப்பைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

நெட்டச்சியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அன்றே மற்றப் பெண்கள் எட்டுப் பேரும் கொதிகலன்காரரும் வேலையை நிறுத்தி வாசலில் உட்கார்ந்தார்கள். கம்பியைத் திரும்ப மாட்டும்வரை இயந்திரத்தைத் தொடமாட்டோம் என்றார்கள். வியாழக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. புதன்கிழமை அத்தர் மடிப்புக்காரியை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காரும்மா."

"நிக்கிறேன் சார்."

"நீதான் பக்கத்துல இருந்தவ. அவ பேச்சு சுவாரசியத்துல கவனிக்காம கையை விட்டுட்டா, அவ்வளவுதான். நானே எழுதி வெச்சிருக்கேன். உனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல, கையெழுத்து மட்டும்."

"அவ பேசல சார். கம்பி இல்ல."

அத்தர் கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து பழுத்துப்போன ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"உன்னைப் பெத்தவ யாருன்னு தெரியுமா? வளர்த்தவளைக் கேக்கல."

தத்துப்பிள்ளை என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பெற்றவள் அம்மாவின் சிநேகிதி, பிரசவத்துக்குப் பிறகு இறந்துபோனாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இங்கதான் வேலை பார்த்தா. எங்கப்பா காலத்துல இதே மாதிரி ஒரு விபத்து. அப்ப அவதான் சாட்சி. நல்ல புத்தியோட போட்டுக் கொடுத்தா. பழைய மேஸ்திரி சொல்லித்தான் தேடி எடுத்தேன்."

காயமடைந்தவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று தாளில் எழுதியிருந்தது. கீழே நடுங்கிய ஒரு கையெழுத்து. மேலே, காயமடைந்தவர் என்ற இடத்தில், அவளை வளர்த்த அம்மாவின் பெயர்.

"விசுவாசம் உன் ரத்தத்துலயே இருக்கு" என்றார் அத்தர், பரிசு கொடுப்பவரைப் போல. "வெளிய உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சா உன்னைப் பக்கத்துல சேர்ப்பாங்களா? யோசிச்சு வை."

வீட்டில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை; ஏதோ ஆலையில் போனவை என்பதற்கு மேல் மகளிடம் அவள் சொன்னதில்லை. கத்தியை மீதி மூன்றால் பிடிக்கப் பழகி முப்பது வருடம் ஆகிவிட்டது.

"உனக்கு எதிரா கையெழுத்துப் போட்டது என்னைப் பெத்தவளாம்மா?"

கத்தி நின்றது. "காமிச்சுட்டானா? அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கான்."

"அப்ப நிஜம்."

"நிஜம்தான். ஏழு மாசம், நீ வயித்துல. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். போடலைன்னா நாளையிலிருந்து வராதேன்னான் பெரிய முதலாளி. போட்டா. எனக்கு வர வேண்டியது எதுவும் வரல. உன்னைப் பெத்து இருபதாம் நாள் வேலைக்குப் போனவளைக் கேட்லயே நிறுத்திட்டான். கூட இருந்தவளையே காட்டிக்கொடுத்தவளை எப்படி நம்புறதுன்னு கேட்டானாம்."

மடிப்புக்காரிக்கு ஆத்திரம் வந்தது. பெற்றவள் மீதா, அந்தக் கிழவன் மீதா, இத்தனை நாள் ஒன்றும் தெரியாமல் அதே வாசலில் விரல் வைத்துவிட்டு உள்ளே போன தன் மீதா என்று பிரிக்கத் தெரியவில்லை.

"அப்புறம்?"

"இங்க வந்தா, காய்ச்சலோட. நான் அவ மூஞ்சியைக்கூடப் பாக்கல. நீ பசியில கத்திக்கிட்டு இருந்த, உன்னை வாங்கிக்கிட்டேன். அஞ்சாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டா."

"மன்னிச்சுட்டியா?"

"இல்ல." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயம்தான். "உனக்குப் பசிச்சது, எடுத்துக்கிட்டேன். அதுக்கும் மன்னிப்புக்கும் என்ன சம்பந்தம்? குளிர் வந்தா இந்தக் கை இன்னும் குடையும். அப்ப அவளை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனா அன்னைக்குக் கையெழுத்துப் போட முதலாளி ரூமுக்கு அவ தனியாத்தான் போனா. கூடப் போக எங்கள்ல ஒருத்தருக்கும் தோணல."

"என்கிட்ட ஏன் மறைச்ச?"

"சொன்னா அவளை வெறுப்ப. இல்லைன்னா என்கிட்ட நன்றியோட நடந்துப்ப. ரெண்டுமே எனக்குப் பிடிக்கல."

மறுநாள் விடியற்கருக்கலில் எல்லோரும் கேட்டருகே கூடினார்கள். யாரும் கேட்பதற்கு முன் மடிப்புக்காரியே சொல்லிவிட்டாள்: தாள், கையெழுத்து, அம்மாவின் விரல்கள், எல்லாவற்றையும். கொதிகலன்காரர் தரையைப் பார்த்தார். சோப்புக் கரைசல் கலக்கும் சோப்புக்காரிதான் வாயைத் திறந்தாள்.

"நேத்து நீயும் அந்த ரூமுக்குத் தனியாத்தான போன?"

"ஆமாக்கா."

"எதையும் போட்டுக் கொடுக்கலைன்னு எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம். இன்னைக்கு என்கூட உள்ள வாங்க."

சோப்புக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஒன்பது பேர் அறைக்குள் நுழைந்ததும் ஆய்வாளர் நிமிர்ந்தார். அத்தர் கதவைக் காட்டினார்.

"சாட்சி ஒருத்திதான். மத்தவங்க வெளிய நில்லுங்க."

"சாட்சி ஒன்பது பேர்" என்றார் கொதிகலன்காரர். "கம்பியைக் கழட்டினதை ஒன்பது பேரும் பார்த்தோம்."

அத்தர் தன் பழைய தாளை எடுத்தார். நாடகத்தில் ராஜா வேடம் கட்டியவரைப் போலக் கையை நீட்டி அதை ஆட்டினார். "இவ யாரோட மகள்னு தெரியுமா உங்களுக்கு?"

"காலையிலேயே சொல்லிட்டா" என்றாள் சோப்புக்காரி. "வேற ஏதாவது இருக்கா?"

அவரிடம் வேறு எதுவும் இல்லை. அந்த அறையில் அத்தர் மணம் இருந்தும் முதல் தடவையாக அவரை யாரும் கவனிக்கவில்லை.

மடிப்புக்காரி நடந்ததை முதலில் சொல்லிக் கையெழுத்திட்டாள். அவளுக்குப் பின் எட்டுப் பேர். ஆய்வாளர் சலிப்போடு தாள்களைக் கட்டினார். அறிக்கை போக ஒரு மாதம் ஆகும், முடிவு மேலே இருப்பவர்கள் கையில் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை தாண்டியதும் அத்தர் கேட்டைப் பூட்டச் சொன்னார். நாளைக்கு வேறு ஆட்கள் வருவார்கள் என்று மாடியிலிருந்து கத்தினார். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அவர்கள் கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்கள். நெட்டச்சியின் கை தேறுமா, கம்பி வருமா, வேலை இருக்குமா, எதுவும் தெரியாது. வெயில் ஏறியது. மதிய இடைவேளையில் எதிர்த் தையல் ஆலையிலிருந்து நாலைந்து பெண்கள் தெருவைத் தாண்டி வந்தார்கள். நூல் பிசிறு ஒட்டிய தலையோடு ஒருத்தி கேட்டாள்:

"உங்க மிஷின்ல கம்பியைக் கழட்டிட்டானாமே. எங்க வெட்டுற மிஷினுக்கு மூடியே கிடையாது. யார்கிட்ட சொல்றது?"

மடிப்புக்காரி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

"முதல்ல உட்காருங்க" என்றாள். "எத்தனை பேர் இருக்கீங்க?"