ஐஸ் பெட்டிக்குள் ஒரு பிணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சாம் வருஷம். எங்கள் சின்னப் படக் கம்பெனியில் டெலிவிஷனைக் கண்ணால் பார்த்தவர் ஒருத்தரும் கிடையாது. அதனாலென்ன? அதை வைத்தே ஒரு மர்மப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டோம். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்காரர்கள் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் படத்தையே முடித்துவிடுவோம். யோசிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

பழைய ஐஸ் பெட்டியில் ஓட்டை போட்டுக் கண்ணாடி பதித்தார்கள். அதுதான் டெலிவிஷன். உள்ளே முக்காலி போட்டு, கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி நடிகன் மெர்ல் டிப்பெட்ஸை உட்கார வைத்தார்கள். அவன்தான் கொலையான விஞ்ஞானி. கண்ணைத் திறந்தபடி செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கொலைகாரன் நான். வருஷக்கணக்காக விருந்தாளிகளின் தொப்பியை வாங்கி மாட்டுகிற வேலைக்காரனாகவே நடித்துச் சலித்தவன். இதில் கடைசிக் காட்சியில் எனக்கு ஒரு பக்க வசனம், வெறிச்சிரிப்போடு! குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன், டிராமிலும் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட் அம்மாள் பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

கதாநாயகி லொரெய்ன் பெட்டியைப் பார்த்து வீறிட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஈ மெர்ல் மூக்கில் உட்கார்ந்தது. பிணம் கையைத் தூக்கி ஈயை ஓட்டிவிட்டு, சாவகாசமாக மூக்கைச் சொறிந்துகொண்டது.

ஷாட் முடிந்ததும் பாய்ந்தேன். “அடப்பாவி! நீ செத்தவன்டா!”

“கடிச்சுதுப்பா,” என்றான் மெர்ல்.

டைரக்டர் ஸ்ட்ரங்கிடம் ஓடினேன். “சார், இன்னொரு தரம் எடுத்துடலாமே?”

“எப்படிய்யா? லொரெய்ன் பக்கத்து செட் கௌபாய் படத்துக்கு வீறிடப் போயாச்சு. அந்தப் பெட்டியையும் கேக்கறாங்க, சவப்பெட்டியா வச்சுக்கறதுக்கு. நம்ம கம்பெனியில ரெண்டாந்தரம்னு ஒண்ணை என்னிக்காவது பார்த்திருக்கியா?”

சாண்ட்விச்சைக் கடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மெர்ல் சாகவே இல்ல. செத்த மாதிரி ஏமாத்தினான். அப்ப அவன்தான் கொலைகாரன்!”

“அப்ப நான்?”

“படத்துல யாராவது செத்தாகணுமில்ல? போய்ப் படு.”

என் வசனத்தை, என் வெறிச்சிரிப்பை, அந்த மூக்குச்சொறியன் தப்பும் தவறுமாக உளறினான். கம்பளத்தில் கிடந்தபடி முழுசாகக் கேட்டேன். பற்றிக்கொண்டு வந்தது. அதே ஈ என் உதட்டில் நடந்தது. நான் அசையவில்லை. நடிப்பென்றால் என்னவென்று அந்தப் பயல் பார்க்கட்டும்.

ஸ்ட்ரங்க் தட்டிக்கொடுத்தார். “பிரமாதம்யா! பிணம்னா இதுதான் பிணம்!”

படம் வந்தது. யாரும் எதிர்பாராத முடிவென்று பத்திரிகைகள் மெர்லைத் தூக்கி வைத்துக் கொண்டாடின. அடுத்த படத்தில் அவன்தான் கதாநாயகன்.

என்னையும் மறக்கவில்லை. முதல் காட்சியிலேயே தரையில் கிடக்கிறேன்.