வளைவுக்கு ஒரு ஹாரன்

அந்த மலையை அவர்கள் ஏறி இறங்காத நாள் கிடையாது. எல்லாம் பஸ்ஸில்தான். அவர் டிரைவர். அவள் கண்டக்டர். ஒரு விசில் கொடுத்தால் நிறுத்து, இரண்டு கொடுத்தால் போகலாம். கல்யாணத்துக்கு முன்பே அமலுக்கு வந்துவிட்ட சட்டம். "வீட்லயும் அதேதான், அவ விசில் இல்லாம ஒரு அடி நகர முடியாது" என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பார்.

தார் ரோடு மலையைச் சுற்றிப் போகும். பழைய நடைபாதை காட்டுக்குள் புகுந்து குறுக்கே ஏறும். ரோடு வருவதற்கு முன் கீழேயிருந்து உப்பும் மேலேயிருந்து மிளகும் தலைச்சுமையாகப் போன வழி. அது ரோட்டை வெட்டும் இடத்தில் கியரை மாற்றியபடி, "ஒருநாள் இதுல நடந்து பாக்கணும்" என்பார்.

அதற்குள் நெஞ்சு வலி வந்து, ஆபரேஷனும் ஆகிவிட்டது. ஆறு மாதம் கழித்து டாக்டர், "இதயம் நல்லா இருக்கு. நடங்க. மலைகூட ஏறலாம்" என்றார். அவர் அங்கேயே நம்பிவிட்டார். அவள் நம்பவில்லை. ஒரு வாளித் தண்ணீர்கூட அவரைத் தூக்க விடவில்லை. அவர் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பதையும் விடவில்லை.

"டாக்டரே சொல்லிட்டாரு. ஏறப் போறேன்" என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதால்தான் இன்றைக்கு இந்தப் பயணம். துணைக்கு அவள் தம்பி. ஆமை நடையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அவனுக்கு வைத்த பெயர் 'புயல்'.

அடிவாரத்திலேயே அவள் நிபந்தனை போட்டாள். மருந்து டப்பா அவள் கையில் இருக்கும். பை அவள் தோளில். "கண்ணுக்கு மறைஞ்சா ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிக்கணும்."

"வாயாலயா?"

"வேற எதால?"

அடித்தார். "பாம்... பாம்!" மரங்களுக்குள்ளிருந்து சத்தம் வரும். அவள் கழுத்தில் தொங்கிய கண்டக்டர் விசிலை எடுத்து இரண்டு கொடுப்பாள். அடுத்த வளைவு. மறுபடி "பாம்!" மறுபடி இரண்டு விசில். எதிரே இறங்கி வந்த ஒருவர் பாதையோரம் ஒதுங்கி நின்று, பின்னால் பஸ் எதுவும் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

பாதி மலையில் புயலின் ஷூ வாயைப் பிளந்தது.

"அக்கா, அடிப்பாகம் கழண்டுருச்சு."

"உன் வேகத்துக்கு அதுவாவது முன்னால போகட்டுமேன்னு பாத்திருக்கும்."

பையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அவள் அவன் ஷூவைச் சுற்றிக் கட்டினாள். மேலே ஒரு "பாம்" கேட்டது. விசில் கொடுத்தாள். முடிச்சை இறுக்கி நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

"மாமா எங்கயாவது உக்காந்திருப்பாருக்கா."

"உக்காந்தா ஹாரன் வராதா? வாய்க்கு என்ன?"

நீளமாக ஒரு விசில் கொடுத்தாள். நிறுத்து. காது கொடுத்தாள். காற்றில் இலைகள்தான் பேசின. அவள் ஓடத் தொடங்கினாள். ஓடிக்கொண்டே ஊதினாள். மூச்சு வாங்கியதில் விசில் துண்டு துண்டாக வந்தது. மருந்து டப்பாவின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து வலித்தது. ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது, கால்ல விழுந்தாவது தடுத்திருக்கணும் என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசி வளைவைத் தாண்டினாள். அங்கிருந்து பாதை மலை முதுகின் மேல் கல் பாவி நேராக ஓடி, பனிமூட்டத்துக்குள் மறைந்தது. நடுவில் அவர் தொப்பி கிடந்தது.



தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பனிக்குள் முதலில் இரண்டு கல்தூண்கள் தெரிந்தன. அவற்றின் மேல் நெஞ்சுயரத்தில் ஒரு நீளப் பலகைக் கல். மூட்டை சுமந்தவர்கள் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கி வைக்கப் போட்ட சுமைதாங்கி. அதன் மேல் அவர் மல்லாந்து கிடந்தார். கண்கள் மூடியிருந்தன. ஒரு கை கீழே தொங்கியது.

  அவள் விரலை அவர் மூக்கருகே கொண்டுபோனாள்.

"வருது, வருது. மூச்சு வருது. விரலை எடு, தும்மல் வருது" என்றார், கண்ணைத் திறக்காமலே.

தொப்பியாலேயே அவரை அடித்தாள். "மனுஷனா நீங்க? ஹாரன் ஏன் அடிக்கல?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். நிஜமாகவே புரியாமல் விழித்தார். "வளைவு எங்க இருக்கு? நேர்ப் பாதையில ஹாரன் அடிக்கிறவனைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். உனக்குத் தெரியாதா?"

"நான் விசில் குடுத்தேனே!"

"குடுத்த. ஒரு விசில் வந்துச்சு, நின்னேன். உடனே ரெண்டு, ரெண்டுன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. சரி, ஆள் ஏறியாச்சு, லேட்டாகுது, விரட்டுறான்னு ஸ்பீடா வந்தேன். அதுல தொப்பி பறந்துடுச்சு. நீ ரைட் குடுத்தப்புறம் எப்படி நிறுத்துறது?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது, புஸ் புஸ்ஸென்று. தூணில் சாய்ந்தாள். அவர் கல்லிலிருந்து தொப்பென்று குதித்து அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன இப்படி அடிக்குது? டாக்டர்கிட்ட போலாமா?"

அவள் கல்லைப் பார்த்தாள். அவளுடைய நெஞ்சுயரம். சுற்றிலும் படியோ மேடோ எதுவும் இல்லை.

"இதுல எப்படி ஏறினீங்க?"

"கையை ஊனி ஏறினேன். ஏன்?"

"வலிக்கலையா?"

"முழங்கை கொஞ்சம் சிராய்ச்சிருச்சு" என்று காட்டினார்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி மறுபடி சிரிப்பானது. ஆறு மாதமாக விலாவுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்ததுபோல் இருந்தது. கல்லின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அது தீரும்வரை அப்படியே நின்றாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

பனிக்குள் சரக் சரக்கென்று ஒற்றை ஷூ இழுபடும் சத்தம் வந்தது.

"அக்கா! மாமா இருக்காரா?"

"கல்லாட்டம் இருக்காரு."

"அப்ப முட்டையை உரிக்கலாமா?"

அவித்த முட்டையும் ரொட்டியும் சுமைதாங்கியின் மேல் பரப்பப்பட்டன. அவர் இரண்டு முட்டை கேட்டார். அவள் மூன்று கொடுத்தாள். மருந்து டப்பாவை அப்போதுதான் கவனித்தாள், இன்னும் கைக்குள்ளேயே இருந்தது. மூடியின் வட்டம் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைப் பையின் அடியில், துவாலைக்கும் கீழே தள்ளினாள்.

மறுபக்கம் இறக்கம். கிளம்பும்போது அவர் வழக்கம்போல் வெறுங்கையோடு முன்னால் போனார்.

"நில்லுங்க!"

நின்றார். அவள் பையை எடுத்து அவர் தோளில் மாட்டினாள்.

"நீங்களே தூக்குங்க. நல்லாத்தானே இருக்கீங்க."

"ஆறு மாசமா இதைத்தானே நானும் சொல்றேன்!"

"பேச்சைக் குறைங்க. எனக்கு முட்டி வலிக்குது, மெதுவா ஓட்டுங்க" என்றாள் அவள், அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு.