கண்ணை எடுத்த நொடி

“மேடம், மூணு வருஷமா ஐஸ்லயே கெடந்துச்சே என் புள்ள, சளி புடிச்சிருக்காதுல்ல?”

லேபுக்கும் சிகிச்சை அறைக்கும் நடுவே உள்ள சின்ன ஜன்னல் வழியாகத்தான் தையல்காரம்மாவின் குரல் வந்தது. நர்ஸ் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கேட்டவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் கரு வைப்பதற்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருந்ததால் அடக்கி அடக்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தபடி தலையை நிமிர்த்தி ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஒரு நொடி, மிஞ்சிப்போனால் இரண்டு.

மறுபடி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது கருவைக் காணவில்லை.

உறைந்த கருவை உருக்கி எடுத்துக் கொடுப்பதுதான் பதினான்கு வருடமாக என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். உறைந்த கரு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான திரவத்தில் பட்டையை முக்கியதும் அது கழன்று மிதக்கும், சுருங்கும், கண்ணாடி போல ஆகிவிடும். கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒன்று. அதனால் அது கழல்வதைப் பார்க்கும்வரை வீடு பற்றி எரிந்தாலும் கண்ணை எடுக்காதே என்பேன். பெரிய வாத்தியார் மாதிரி விரலை ஆட்டி வேறு சொல்வேன்.

தையல்காரம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆறு வருடமாக எங்களிடம் வருகிறாள். காத்திருக்கிற நேரத்தில் ஒருநாள் என் கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி, கிழிந்த பையைக் கையாலேயே தைத்துக் கொடுத்தவள். அவளுக்கென்று நான்கு கருக்களை உறைய வைத்திருந்தோம். மூன்றை வைத்தாயிற்று, மூன்றும் தங்கவில்லை. இது நான்காவது. இனிமேல் முட்டை எடுக்க வழியில்லை என்று போன மாதம்தான் டாக்டர் அவளிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

முதலில் பதறவில்லை. பட்டையை மறுபடி முக்கி ஆட்டினேன். தட்டின் விளிம்போடு சுற்றி வந்தேன். அடியில் பார்த்தேன், மேற்பரப்பில் பார்த்தேன். அந்தத் திரவத்தில் கரு ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கடிகாரம் மூன்று நிமிடம் காட்டியது. நான்கு. உறிஞ்சு குழாயைக் கழுவி அந்தச் சொட்டையும் பார்த்தேன். ஒரு தூசியைக் கண்டு “கிடைச்சிருச்சு” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பத்தாவது நிமிடத்தில், கிடைத்தாலும் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தேடினேன். கிடைத்துவிடு, செத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை, கிடைத்துவிடு என்று அதனிடம் கெஞ்சினேன். ஒருவேளை பட்டையில் அது இருக்கவே இல்லையோ? ரிஜிஸ்டரைப் புரட்டினேன். உறைய வைத்த தேதிக்கு நேரே ‘ஒன்று, நல்ல நிலை’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.

“என்ன மேடம், இன்னும் நேரமாகுமா? தண்ணி முட்டுது” என்றாள் அவள் ஜன்னலுக்கு அப்பாலிருந்து.

“கொஞ்சம் பொறுத்துக்கம்மா” என்றேன்.

டாக்டர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார். நான் சொன்னேன். அவர் குனிந்து தானும் தேடினார். கடைசியில் நிமிர்ந்து, தணிந்த குரலில் பேசினார்.

“கரு இல்லாம வெறும் குழாய உள்ள வச்சு எடுத்துருவோம். போன மூணும் தங்கல, இதுவும் தங்கலன்னு நெனச்சுக்குவாங்க. டெஸ்ட் எடுக்கற வரைக்கும் ரெண்டு வாரம் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே. இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது?”

எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. நிம்மதி வந்தது. கால் தரையில் பதிகிற மாதிரி அவ்வளவு நிம்மதி.

“வைக்கறதுக்கு முன்னாடி டிவியில காட்டுவோமே டாக்டர், எப்பவும் கேட்பாங்க.”

“ஏதாவது ஒரு சொட்டக் காட்டுங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?”

அவர் சிகிச்சை அறைக்குப் போய்விட்டார். நான் ஒரு புதிய தட்டை எடுத்து, ஒரு சொட்டுத் திரவம் விட்டு, கேமராவுக்கு அடியில் வைத்தேன். யோசித்து வைத்தேன் என்று சொல்ல முடியாது, கை பாட்டுக்கு வைத்தது. சொட்டின் நடுவில் ஒரு காற்றுக் குமிழி நின்றது. கச்சிதமான உருண்டை. சிகிச்சை அறையில் இருக்கிற திரையை இயக்கினேன்.

“அதோ! அதோ பாருடி!” என்றார் அவள் பக்கத்தில் நின்ற புருஷன். பஸ் ஓட்டுகிற மனிதர். எங்கள் நீலத் தொப்பி புருவம்வரை இறங்கியிருந்தது. திரைக்குப் பக்கத்தில் போய் விரலால் தொடாத குறையாகக் காட்டினார். “உருண்டையா, முழுசா இருக்கு பாரு.”

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கித் திரையை உற்றுப் பார்த்தாள்.

“போன தடவ உள்ளுக்குள்ள மணிமணியா இருந்துச்சே மேடம். இதுல ஒண்ணுமே இல்லையே. நல்லாத்தானே இருக்கு?”

டாக்டர் கையில் குழாயோடு ஜன்னலைப் பார்த்தார். ‘ஆமாம்’ என்று சொன்னால் போதும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது.

“அது காத்துக் குமிழிம்மா” என்றேன். “உங்க கரு இல்ல. அது என் கையிலதான் தொலஞ்சுச்சு.”

நர்ஸ் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்காரருக்கு நான் சொன்னது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. சிரித்த வாய் மூடாமல், விரலை நீட்டியபடியே நின்றார்.

அவள் படுத்தவாக்கில் கையை எட்டி, அந்த விரலைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கினாள்.