மேல் ஒரு சாண்

நானூறு டிகிரியில் நாற்பது நாள் வெந்த மண் இன்னும் சுத்தமாகவில்லை என்று ஆய்வகத்திலிருந்து தாள் வந்தால் எந்த மேற்பார்வையாளருக்குத்தான் தலை சுற்றாது? இவளுக்குச் சுற்றவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரி இவளுடைய நாத்தனார். பதினோரு மாதமாக இவள் வீட்டில்தான் வாசம். மண் தேறினால்தான் அந்த அம்மாள் தன் வீட்டுக்குக் கிளம்புவாள்.

நாத்தனார் வீட்டை ஒட்டித் தீயணைப்புப் பயிற்சி மைதானம். இருபது வருடம் அங்கே பீய்ச்சியடித்த நுரையிலிருந்த ரசாயனம் கொல்லை மண்ணில் இறங்கி, கிணற்றிலும் கலந்துவிட்டது. மழைக்கும் வெயிலுக்கும் மசியாத பிடிவாதக்காரப் பொருள். அதனால் மண்ணைத் தோண்டிக் குவித்து, உள்ளே சூடேற்றும் கம்பிகளைச் செருகி, மேலே போர்த்தி, கிளம்புகிற ஆவியைக் குழாய் வழியே இழுத்துப் பிடித்தார்கள். எல்லாம் இவள் மேற்பார்வை.

வீட்டிலோ மேற்பார்வை நாத்தனாருடையது. உப்பு இருந்த இடத்தில் சர்க்கரை இருக்கும். இவள் மடித்து வைத்த துணி மறுபடி மடிக்கப்பட்டிருக்கும். கணவனிடம் சொன்னால், "அக்கா நல்லதுக்குத்தானே பண்றா?" என்று நழுவிவிடுவான், மகாராசன்.

தாளைத் தூக்கிக்கொண்டு நேரே களத்துக்குப் போய் ஹீட்டர்க்காரரைப் பிடித்தாள். "கம்பி ஏதாவது அணைஞ்சு போச்சா? தூங்கிட்டீங்களா?"

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "தாளை முழுசாப் படிச்சீங்களா மேடம்? அடியில சுத்தம், நடுவுல சுத்தம். மேல ஒரு சாண் மட்டும்தான் அழுக்கு. சூடு பத்தலைன்னா எங்கயாவது திட்டுத் திட்டா நிக்கும். இப்படி மேல மட்டும் ஒரே சீரா நிக்காது. வெந்து ஆறினதுக்கு அப்புறம் யாரோ மறுபடி ஊத்தியிருக்காங்க."

இவள் குவியலைச் சுற்றி வந்து பார்த்தாள். கிணற்றடியிலிருந்து குவியல்வரை ஒரு ரப்பர் குழாய் பாம்பாகக் கிடந்தது. காவல்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

"உங்க நாத்தனார்தாம்மா வந்தாங்க. சோதனைக்கு மண் மாதிரி எடுக்கறதுக்கு முந்தின நாள். போர்வையைப் பிரிச்சதும் ஒரே தூசி, அவங்க வீட்டு ஜன்னலெல்லாம் மாவா அப்பிக்கிச்சுன்னாங்க. மோட்டாரைப் போட்டுத் தெளிச்சாங்க. நீங்க சொன்னதாச் சொன்னாங்களே?"

சொன்னாள்தான். கூட்டத்தின் நடுவே மூன்றாவது தடவையாகப் போன் வந்தபோது, "தூசின்னா தண்ணி தெளிங்க அண்ணி, எல்லாத்துக்கும் என் உயிரை எடுக்கணுமா?" என்று கத்தினாள். வெளியிலிருந்து வரும் லாரித் தண்ணீரைத்தான் தெளிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நாற்பது நாள் பாடுபட்டு விரட்டியதைக் கிணற்றுத் தண்ணீர் அரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. யார்மேல் எரிந்து விழுவது என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில், நாத்தனார்மேல்தான் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

கூடத்தில் நாத்தனாரின் பெட்டி கட்டித் தயாராக நின்றது. துணிப்பை, குடை, செருப்பு எல்லாம் வரிசையாக.

"ரிசல்ட் வந்துடுச்சா?" நாத்தனார் ஆவலாக எழுந்தாள்.

"வந்துடுச்சு. இன்னும் நாப்பது நாள். அந்தக் கிணத்துத் தண்ணிலயும் அதே விஷம்தான் அண்ணி! கிணத்து மேல எச்சரிக்கைப் பலகை அடிச்சிருக்கே, பாக்கலையா?"

நாத்தனார் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று இவள் எதிர்பார்க்கவில்லை.

"நாப்பது நாளா? என்னால முடியாதும்மா. இங்க ஒரு டம்ளர் எடுத்தாலும் நீ பாக்கற பார்வை இருக்கே... சும்மா உக்காந்து திங்கறேன்னு நெனப்பியோன்னுதான் துணியை மடிச்சேன், டப்பாவைத் துடைச்சேன். அதுவும் உனக்குப் பிடிக்கலைன்னு தெரியும். தூசி அடங்கினா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்னுதான் நானே போய் மோட்டாரைப் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி," என்றாள் இவள். குரல் இறங்கியிருந்தது.

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தத் தண்ணின்னு கேக்கத்தான் வாயைத் திறந்தேன். நீ போனை வெச்சிட்ட."