மூன்று பேர், தொண்ணூறு நாள்

பழைய டின்களை முன்னால் இழுத்துப் புதியவற்றைப் பின்னால் தள்ளுவது என் வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் அலமாரியை மாற்றி அடுக்கும் நாள். வாங்குவதும் எழுதி வைப்பதும் என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று நாள் மின்சாரம் போனபோது, நடுவழியில் நின்ற லிஃப்டுகளைத் திறந்து திறந்து ஓய்ந்துபோய் வந்தவர், "கதவு தெறந்ததும் ஒருத்தர ஒருத்தர் மிதிச்சுக்கிட்டு ஓடுறாங்க. எல்லாம் நல்ல மனுஷங்கதான்" என்றார். மறுநாளே, ஆபத்துக் காலத்துக்குச் சாமான் சேர்த்து வைக்கவென்று இந்த அலமாரி வந்தது. உலகம் அழியும்போது சோப்பு எதற்கு என்று கிண்டல் செய்தேன். பக்கத்து வீடு, எதிர் வீடு, மூத்த மகளின் டீச்சர் என்று ஆளாளுக்குச் சேர்த்து வைக்க ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

இன்று மெழுகுவத்திப் பெட்டிக்குப் பின்னால் அவருடைய பட்டியல் கிடைத்தது. தண்ணீர், மாவு, மாத்திரை, சோப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, லிஃப்டுக்குள் மாட்டும் பலகையில் இருப்பதுபோல் கொட்டை எழுத்தில்: மூன்று பேர், தொண்ணூறு நாள்.

அவர், எங்கள் இரண்டு பெண்கள், நான். விரல்விட்டு எண்ணவேண்டிய கணக்கா இது? எத்தனை பேர் ஏறினால் தாங்கும் என்று தினமும் பார்க்கிற மனுஷன் இதில் தப்பு பண்ணமாட்டார்.

"என்னங்க, இதுல ஒரு ஆள் குறையுதே?"

காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"உன் இன்சுலின் ஃப்ரிட்ஜ் இல்லாம ஒரு மாசத்துக்கு மேல தாங்காதுன்னு நீதானே சொன்ன."

"சொன்னேன். அதுக்கு?"

"அதுக்கப்புறம்..." என்று இழுத்தார். "புள்ளைங்களுக்குப் பத்தணும்ல."

"அந்த ஒரு மாசம் நான் சாப்பிட மாட்டேனா?"

டின் ஒன்றை எடுத்து அதன் தேதியைப் பார்த்தார். எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வந்தது அவமானம். எனக்குப் பங்கே இல்லாத அலமாரியை இரண்டு வருஷமாக என் கையாலேயே துடைத்துத் துடைத்து அடுக்கியிருக்கிறேன். பட்டியலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மீதி டின்களையும் அடுக்கி முடித்தேன்.

ஏழு மணிக்கு வழக்கம்போல் ஊசியோடு வந்தார். மேல்கையின் பின்பக்கம் எனக்கு எட்டாது. பதினோரு வருஷமாக அவர்தான் போடுகிறார். விளக்கடியில் தூக்கிப் பிடித்து, அளவைச் சரிபார்த்து, காற்றுக் குமிழியை விரலால் சுண்டிவிட்டார்.

"லேசா சுருக்குன்னு இருக்கும்" என்றார், தினமும் சொல்வதுபோலவே.

நான் கையை நீட்டவில்லை. அவரும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நின்றது.